முதல் வாசிப்பு உங்களுடையதாக இருக்கட்டும்



பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் கடலூர் பக்கத்தில் எங்கள் திருவந்திபுரத்து ஔஷதகிரி மலைப்படிகளில் பள்ளிப் பிள்ளைகளை நிறையப் பார்க்கலாம். மேலே ஹயக்ரீவர் சந்நிதியில் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் வைத்து வேண்டிக்கொண்டு இறங்குவார்கள். கல்விக்கு அதிபதியான பெருமாள் அவர். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் நெடுங்காலம் இருந்து எழுதிய ஊர் இது. பிள்ளைகள் இங்கே வந்து நிற்பது பொருத்தமானதுதான். தேர்வு முடிந்து ஏப்ரல், மே வந்துவிட்டால் அந்தப் படிகளில் முகூர்த்தக் கூட்டம் மட்டுமே இருக்கும். பிள்ளைகளே, உங்களில் ஒருவரும் கண்ணில் பட மாட்டீர்கள். நான் இன்று பேச நினைப்பது அந்த ஏப்ரல், மே மாதங்களைப் பற்றித்தான்.

மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் ஒன் முடித்து பிளஸ் டூ போகிறவர்களும், பத்தாவது முடித்து மேல்நிலைக்கு வருகிறவர்களும் கோடை விடுமுறையில் ஆங்கில வீட்டுப்பாடத்தை எப்படிச் செய்கிறார்கள் என்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். முதல் மாதம் பையைத் திறக்க மாட்டார்கள். பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது பதற்றம் பிடித்துக்கொள்ளும். நன்றாகப் படிக்கும் ஒருவரின் நோட்டு தெரு முழுக்கச் சுற்றி வரும். ஜூன் மாதத்தில் எல்லா நோட்டிலும் ஒரே பதில், ஒரே எழுத்துப் பிழை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. அமெரிக்காவில் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரித் தரத்தில் சில பாடங்களை எடுக்கும் வழி 1950களிலிருந்து இருக்கிறது. ஏ.பி. வகுப்புகள் என்பார்கள். நம் கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள் பலர் அந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். ஏ.பி. ஆங்கில இலக்கியம் எடுத்தால் பல பள்ளிகளில் கோடை விடுமுறைக்கே நாவல்களைக் கொடுத்து, படித்துக் குறிப்பு எழுதி வரச் சொல்லிவிடுகிறார்கள். அங்கேயும் கடைசி வாரத்தில்தான் புத்தகம் திறக்கிறது. கதைச் சுருக்கத்தை இணையத்தில் படித்துவிட்டு ஒப்பேற்றுகிறவர்கள் அங்கேயும் உண்டு.

ஆனால் மே மாதத்தில் நடக்கும் அந்தத் தேர்வில் மூன்று கட்டுரைகள் எழுத வேண்டும். ஒன்று கவிதையைப் பற்றியது, ஒன்று உரைநடைப் பகுதியைப் பற்றியது. மூன்றாவது கட்டுரைக்கு மாணவரே தான் படித்த ஒரு நூலைத் தேர்ந்தெடுத்து, கேட்ட கேள்விக்கு ஏற்ப அதைப் பேச வேண்டும். புத்தகத்தோடு உண்மையில் வாழ்ந்தவர் அங்கே எழுதிக்கொண்டே போவார். சுருக்கம் மட்டும் படித்தவருக்குக் கதை தெரியும், ஆனால் சொல்ல ஒன்றும் இருக்காது.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. ஒரு பாடத்தை ஆசிரியர் நடத்துவதற்கு முன்னால், கைடு விளக்குவதற்கு முன்னால், நீங்களே தனியாக ஒரு தடவை படித்துவிடுங்கள். அந்த முதல் வாசிப்பை வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்காதீர்கள். கோடை விடுமுறையின் பெரிய பயன் அதுதான்.

சவுக்கைத் தொட்டுப் பாருங்கள்

2019இல் வந்த நம் பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் தோரு தத் எழுதிய சவுக்கு மரக் கவிதை இருக்கிறது. 1856இல் கல்கத்தாவில் பிறந்த பெண் அவர். பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்று, இரண்டிலும் எழுதி, 1877இல் 21 வயதில் மறைந்துவிட்டார். அவருடைய அண்ணனும் அக்காவும் அவருக்கு முன்பே இறந்துபோனார்கள். அவர்களோடு விளையாடிய தோட்டத்துச் சவுக்கு மரத்தைத்தான் அந்தக் கவிதையில் நினைத்துக்கொள்கிறார்.

இந்தியாவில் எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் சவுக்கு எப்படி இருக்கும் என்று படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு அந்தக் குறை இல்லை. கடலூர்க் கடற்கரை ஓரத்து மணற்பாங்கான நிலமெல்லாம் சவுக்குத் தோப்பு. காற்று அடித்தால் அதன் ஊசி இலைகளிலிருந்து எழும் ஓலத்தை நீங்கள் கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள். அந்த ஓலம்தான் கவிதையின் உயிர். பிரான்ஸ், இத்தாலிக் கடற்கரைகளில் நின்றபோதும் அது தன் காதில் விழுந்ததாகக் கவிஞர் சொல்கிறார்.

மரத்தை இழக்கும் துயரமும் நம் ஊருக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. சவுக்கு சாய்ந்தது, முந்திரி சாய்ந்தது, பண்ருட்டிப் பக்கம் பலா மரங்கள் வேரோடு விழுந்தன. அப்பாவும் தாத்தாவும் வளர்த்த மரம் ஒரே காலைப் பொழுதில் போனதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். விழுந்த பலாவின் அருகே உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு. ஒரு மரத்துக்காக மனிதர் ஏன் அழுகிறார் என்பதைக் கைடு உங்களுக்குச் சொல்லாது. வீட்டுப் பாட்டியைக் கேட்டால் சொல்வார்.

ஆகவே அந்தக் கவிதையை முதலில் ஒரு தோப்பு ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். பாதி புரியாது, போகட்டும். புரிந்த பாதியை உங்கள் நோட்டில் தமிழிலேயே எழுதி வையுங்கள். பிறகு வீட்டுப் பெரியவரிடம் புயலைப் பற்றிக் கேளுங்கள். அதன்பின் மறுபடி படித்தால், முன்பு புரியாத வரிகளில் சில தாமாகவே திறந்துகொள்ளும். ஆங்கிலப் பாடம் எங்கேயோ தொலைவில் இருக்கிறது என்ற எண்ணமும் அன்றோடு போய்விடும்.

ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம்

எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். 300 பக்கப் புத்தகத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் முப்பது நாளில் முடிந்துவிடும். பத்துப் பக்கத்துக்குக் காலையில் ஒரு மணி நேரம் போதும். வெயில் ஏறுவதற்கு முன்னால் உட்காருங்கள், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். மீதி நாள் உங்களுடையது. கெடிலம் ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடுங்கள், வெள்ளிக் கடற்கரைக்குப் போங்கள், மாமா வீட்டுக்குப் போங்கள். போகிற இடத்துக்குப் புத்தகத்தையும் கொண்டு போங்கள்.

தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்ட வேண்டாம். அப்படிச் செய்தால் இரண்டாம் பக்கத்திலேயே களைத்துப்போவீர்கள். பென்சிலால் அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். முன்னும் பின்னும் இருப்பதை வைத்துப் பொருளை ஊகியுங்கள். மாலையில் அன்றைய கோடுகளில் மிக முக்கியமான ஐந்தை மட்டும் அகராதியில் பார்த்து, அந்தச் சொல் வந்த முழு வாக்கியத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். தனிச் சொல் மறந்துபோகும். வாக்கியத்தோடு வந்த சொல் தங்கும்.

ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வியும் எழுதுங்கள். கேள்வி உங்களுக்கு உண்மையிலேயே எழுந்ததாக இருக்க வேண்டும். ஆசிரியர் கேட்பார் என்று நினைத்து எழுதுவது வேண்டாம். 'இவள் ஏன் அப்போது பேசவில்லை?', 'இந்த இடம் எனக்கு ஏன் பிடிக்கவில்லை?' என்பவை நல்ல கேள்விகள்தான். உயர்நிலை ஆங்கிலம் என்று உலகில் எங்கே கற்பிக்கப்பட்டாலும் அதன் உள்ளடக்கம் இதுதான்: படித்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது, அதற்கான சான்றைப் பக்கத்திலிருந்தே எடுத்துக் காட்டுவது.

கதைக்குள் நீங்கள் யார்?

எங்கள் காலத்தில் நான்-டீடெயில் என்று சொல்வோம். இப்போது துணைப்பாடம். பிளஸ் டூ துணைப்பாடத்தில் ரே பிராட்பரியின் ஒரு கதை இருக்கிறது. வெள்ளிக் கிரகத்தில் ஓயாத மழை. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சிறிது நேரம் வெயில் வரும். பூமியிலிருந்து வந்த மார்கோ என்ற சிறுமிக்கு மட்டும் வெயில் எப்படி இருக்கும் என்று நினைவிருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு அது பொறுக்கவில்லை. வெயில் வரும் நாளில் அவளை ஓர் அறைக்குள் அடைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வெயில் வந்ததும் எல்லோரும் வெளியே ஓடி ஆடுகிறார்கள். மழை திரும்பி வந்த பிறகுதான் அவள் நினைவு வருகிறது.

இந்தக் கதையைக் கைடில் படித்தால் பொறாமையின் தீமை என்று ஒரு வரி கிடைக்கும். நீங்களே படித்தால் வேறொன்று நடக்கும். நம் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒதுக்கிய பிள்ளையின் முகம் ஞாபகம் வரும். வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள், பேச்சில் திக்குகிறவன், பழைய சீருடையில் வருகிறவன் என்று யாரோ ஒருவர் எல்லா வகுப்பிலும் இருக்கிறார். கதவைப் பூட்டியவர்களில் நான் ஒருவனா, பார்த்துக்கொண்டு நின்றவனா, திறந்துவிட்டவனா என்று மனம் கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால், ஜூன் மாதத்தில் வகுப்புக்குள் நுழையும்போது நீங்கள் கொஞ்சம் மாறியிருப்பீர்கள். மதிப்பெண்ணும் வரும், வராமல் போகாது. ஆனால் இலக்கியத்தை நம் முன்னோர் பாடமாக வைத்தது மனிதரை மனிதராக்கத்தான்.

ஆங்கிலத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம்

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஒரு தனி வார்த்தை சொல்ல வேண்டும். பத்தாவது வரை தமிழில் படித்தவர்கள் மேல்நிலையில் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்தால் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நமக்கு வராது என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள்.

2018இல் வந்த பிளஸ் ஒன் ஆங்கிலப் புத்தகத்தில் அறிஞர் அண்ணாவின் பட்டமளிப்பு விழா உரை இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை அது. காஞ்சிபுரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தமிழ் மேடையை ஆண்டவர். 1962இல் மாநிலங்களவைக்குப் போனபோது தில்லியே அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டது. தமிழை நன்றாகப் பேசத் தெரிந்ததால் ஆங்கிலம் குறைந்துபோகவில்லை. சொல்ல வேண்டியது நெஞ்சில் இருந்தால் மொழி வந்து சேரும் என்பதற்கு அவர் சாட்சி. நம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பேசிய பேச்சு நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கும்போது, அதை ஒரு முறையாவது எழுந்து நின்று உரக்கப் படித்துப் பாருங்கள். எங்கே மூச்சு விடுகிறார், எங்கே அழுத்துகிறார் என்பது படித்தால்தான் பிடிபடும்.

அதே பல்கலைக்கழகத்தில் 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். வறுமையான குடும்பத்தில் பிறந்து, சென்னையில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து, பின்னர் உலகம் வியந்த ஆங்கிலப் பேச்சாளர் ஆனவர். காந்தியின் சுயசரிதையை மகாதேவ் தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் மறுபதிப்பு 1940இல் வந்தபோது, ஒருவர் முழுவதையும் படித்து மொழியைச் செப்பனிட்டுக் கொடுத்தார். தம் பெயரை எங்கும் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. முன்னுரையில் பெயர் குறிப்பிடாமலேயே நன்றி சொல்லப்பட்டது. அவர் சாஸ்திரியார்தான் என்பது பிறகுதான் பலருக்கும் தெரிந்தது.

பிள்ளைகளே, இதை மனத்தில் வையுங்கள். இன்றும் உலகெங்கும் மக்கள் படிக்கும் ஒரு புத்தகத்தில் அவர் உழைப்பு இருக்கிறது, அட்டையில் அவர் பெயர் இல்லை. கோடை விடுமுறையில் நீங்கள் படிக்கும் பத்துப் பக்கத்தையும் யாரும் பார்க்கப் போவதில்லை. யாரும் பார்க்காதபோது ஒருவர் எவ்வளவு சரியாக வேலை செய்கிறார் என்பதுதான் அவர் யார் என்பதைத் தீர்மானிக்கிறது. வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பாடத்தை நான் கற்கவில்லை.

படித்ததைத் தமிழுக்குக் கொண்டு வாருங்கள்

நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவர் சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன். ஆங்கிலத்தின் வழியாக உலகத்துக் கதைகளைத் தேடிப் படித்தார். படித்ததோடு நிற்காமல் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். தமிழ்ச் சிறுகதையின் முகமே அவர் கையில் மாறியது. அதே கடலூரின் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டவர். வாசிப்பினாலும் பெரியவர்களோடு பழகியதாலும் தன்னை வளர்த்துக்கொண்டு, ஞானபீட விருது வரை போனார். இவர்கள் இருவரும் பிறந்த மண்ணில்தான் நீங்கள் பள்ளிக்குப் போய் வருகிறீர்கள்.

உங்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதை ஆங்கிலத்தில் இருக்கிறது. கி.ரா. தம் கடைசிக் காலம் வரை வாழ்ந்தது நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியில்தான். அவரும் பள்ளியில் அதிகம் படிக்காதவர். பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. முதலில் ஆங்கிலத்தில் அந்தக் கதையைப் படியுங்கள். பிறகு நூலகத்தில் தமிழ்க் கதையைத் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கரிசல் பேச்சின் வாசம் ஆங்கிலத்தில் எங்கே நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். இரண்டு மொழியிலும் ஒரே சமயத்தில் கண் திறக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு வாரம் போதும்.

புத்தகம் வாங்கப் பணம் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன்தான் இந்திய நூலகவியலின் தந்தை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைத்தாக வேண்டும் என்பது 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அவருடைய முயற்சியால்தான் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நம் ஊர்க் கிளை நூலகமும் கடலூர் மாவட்ட மைய நூலகமும் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். உறுப்பினர் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஜூலையில் நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது, உண்டியலில் சேர்த்த காசில் ஒரு புத்தகமாவது சொந்தமாக வாங்குங்கள்.

எழுதிக் கொடுக்கும் இயந்திரம்

இப்போது கைப்பேசியில் கேள்வியைக் கேட்டால் கட்டுரையையே எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. அதை ஒதுக்கச் சொல்லவில்லை. நீங்கள் படித்து, யோசித்து, எழுதி முடித்த பிறகு அதனிடம் போங்கள். இலக்கணப் பிழையைக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் வாதத்தில் எங்கே ஓட்டை என்று கேளுங்கள். படிப்பதற்கு முன்னால் அதனிடம் போனால், உங்கள் மனத்தில் எழ வேண்டிய கேள்வி எழாமலேயே போய்விடும். பதினாறு, பதினேழு வயதில் மனம் கேள்வி கேட்கப் பழகாவிட்டால் பின்னால் அந்தப் பழக்கத்தை உண்டாக்குவது மிகவும் கடினம். கல்லூரியில், நேர்முகத் தேர்வில், அலுவலகத்தில், குடும்பத்தில் உங்கள் சொந்த யோசனை தேவைப்படும் நேரம் வரும். அப்போது கையில் இரவல் நோட்டு இருக்காது.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிளஸ் டூ ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10 என்று கணக்குப் போட்டே பழகிவிட்டோம். கோடை வீட்டுப்பாடத்தையாவது அந்தக் கணக்கிலிருந்து விடுவியுங்கள். வினா விடையைப் பத்து முறை எழுதி வா என்று இம்போசிஷன் கொடுப்பதால் கைதான் வலிக்கும். ஒரு நல்ல புத்தகமும் மூன்று நல்ல கேள்விகளும் போதும். அதில் ஒரு கேள்விக்கு வீட்டுப் பெரியவரிடம் பேசித்தான் பதில் எழுத முடியும் என்று அமைத்துவிடுங்கள். ஜூன் மாதம் முதல் வாரத்தில் நோட்டைத் திருத்துவதற்கு முன்னால், பிள்ளைகளைப் பேச விடுங்கள். தவறாகச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா அப்பாக்களே, பிள்ளை கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தால், 'படிக்காமல் என்ன செய்கிறாய்?' என்று கேட்காதீர்கள். அவர்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிள்ளைகளே, நாளைக் காலை ஆங்கிலப் புத்தகத்தை எடுங்கள். ஆசிரியர் இன்னும் நடத்தாத ஒரு பாடத்தைத் திறந்து பத்துப் பக்கம் படியுங்கள். ஒரு கேள்வி எழுதுங்கள். பள்ளி திறந்து அந்தப் பாடம் வரும் நாளில் கையைத் தூக்கி அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழைக் கலந்து கேளுங்கள். வகுப்பில் முதல் கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்த்து இரண்டாவது பிள்ளைக்குத் தைரியம் வரும். அந்த முதல் பிள்ளையாக நீங்கள் இருங்கள்.